நீலமணி என்று விற்கப்பட்ட பேய்க்கணவாய்

அகவை எழுபத்தாறு நிறைந்து எழுபத்தேழாம் ஆண்டில் அடியெடுத்து வைத்திருக்கும் சூ. வேதமாணிக்கம் என்னும் நான், சிறுவரும் பெரியோரும் ஒருசேர அறிந்து பயன்பெறும் பொருட்டு எழுதும் கதை பின்வருமாறு:

ஆறு கடலோடு கலக்கும் ஓரிடத்தில் அடர்ந்த தாழைக்காடு ஒன்று இருந்தது. அக்காட்டில் சவ்வாதப்பன் என்னும் புனுகுப்பூனை வாணிகம் நடத்தி வந்தது. கப்பல்களிலிருந்து வீசப்பட்டுக் கரையொதுங்கிய கண்ணாடிக் குடுவைகளை அது பொறுக்கிச் சேர்த்தது. கடல் வற்றும் வேளையில் பாறைக் குழிகளில் அகப்படும் சிற்றுயிர்களை அக்குடுவைகளில் அடைத்தது. அவற்றை வீட்டுக்கு அழகு சேர்க்கும் செல்லப் பிராணிகள் என்று கூவி விற்றது.

முதலில் கோமாளி மீன்களை விற்றது. பின்பு கடற்குதிரைகளை விற்றது. விரைவில் காட்டில் குடுவை இல்லாத வளையே இல்லை என்றாயிற்று.

"எல்லார் வீட்டிலும் இருப்பது என் வீட்டில் எதற்கு? எவரிடமும் இல்லாதது இருந்தால் கொண்டு வாரும்!" என்று அரவஞ்சான் என்னும் கீரி ஒருநாள் சொல்லிற்று.

அரவஞ்சான் அக்காட்டின் பெருங்குடியைச் சேர்ந்தது. நல்ல பாம்பின் நஞ்சுக்கும் அஞ்சாத பரம்பரை என்பதில் அதற்கு மிகுந்த பெருமை. அதன் மனைவி பெயர் செம்பி. அவர்களுக்குத் தவமிருந்து பெற்ற ஒரே பெண்குட்டி மின்னி. மின்னி கண் திறந்து பன்னிரண்டு நாள்களே ஆகியிருந்தன.

மறுநாள் காலையில் சவ்வாதப்பன் ஒரு குடுவையோடு வந்து நின்றது. குடுவையின் வாய் தாழையோலையால் இறுகக் கட்டப்பட்டிருந்தது.

அரவஞ்சான் உள்ளே உற்றுப் பார்த்தது. எலுமிச்சம்பழ அளவில், சேற்று மஞ்சள் நிறத்தில், எட்டுக் கைகளைச் சுருட்டிக்கொண்டு ஏதோ ஒன்று அடியில் ஒடுங்கிக் கிடந்தது.

"என்ன ஓய் இது? அழுகிய பழத்தை அடைத்துக் கொண்டு வந்தீரா?"

"அண்ணாச்சி, சற்றே பொறுங்கள்!" என்ற சவ்வாதப்பன், ஒரு சிப்பியை எடுத்துக் குடுவையில் 'டொக் டொக்' என்று தட்டிற்று.

அடுத்த கணமே அச்சிறு உடல் முழுவதும் நீல வளையங்கள் சுடர்விட்டன! ஒவ்வொரு வளையமும் துடிதுடித்து ஒளிர்ந்தது.

"அம்மாடி!" என்று வியந்தது செம்பி.

"பார்த்தீர்களா, மதினி! உங்களைக் கண்டதும் இதற்குச் சிரிப்பு! தட்டத் தட்டச் சிரிக்கும். இதன் பெயர் நீலமணி. இந்தக் கரை நெடுகத் தேடினாலும் இன்னொன்று கிடைக்காது."

"கடிக்குமோ?"

"கடிப்பதா? இதற்குப் பல்லே கிடையாது, மதினி!"

"நஞ்சு ஏதேனும்..."

செம்பி கேட்டு முடிக்குமுன் அரவஞ்சான் பெருங்குரலில் நகைத்தது. "நஞ்சா! யார் வீட்டு வாசலில் நின்று நஞ்சைப் பற்றிக் கேட்கிறாய்? ஐந்தடி நாகத்தைக் கடித்துக் குதறிவிட்டு, வாய்கூடத் துடைக்காமல் உறங்கியவர் என் பாட்டனார். விரல் நீளம் இல்லாத இதற்கா நாம் அஞ்சுவது? கொடும் ஓய், குடுவையை!"

சவ்வாதப்பன் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. வாங்குபவரே வேண்டாம் என்றதால், அதைச் சொல்லாமல் விழுங்கிற்று. பதிலுக்கு ஈச்சம்பழக் குலை ஒன்றைப் பெற்றுக்கொண்டு மகிழ்ச்சியோடு நடையைக் கட்டிற்று.

இங்கே அக்காட்டின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக்குப் புதிய உயிர் எது வந்தாலும், அவ்வீட்டில் எல்லாருக்கும் இளையது தன் கையை நீட்டி அதைத் தொட வேண்டும். அதற்குக் 'கை கொடுத்தல்' என்று பெயர். அது நிறைவேறினால்தான் வந்த உயிர் வீட்டு உறவாகக் கருதப்படும். சுற்றத்தார் முன்னிலையில் விருந்தோடு நடக்கும் சடங்கு அது. கோமாளி மீன் விற்ற காலத்தில் இதனால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை. நீலமணிக்குக் கை கொடுக்க வேண்டியவளோ, பன்னிரண்டு நாள் முன்பு கண் திறந்த மின்னி!

மூன்றாம் நாள் காலையில் அரவஞ்சானின் வளைமுன் எல்லா உயிர்களும் கூடின. முயல் வெண்காதன் குடும்பத்தோடு வந்திருந்தது. குளத்துத் தவளைகள் முன்வரிசையில் அமர்ந்தன. சவ்வாதப்பனுக்குச் சிறப்பு விருந்தினருக்குரிய உயர்ந்த கல் இடப்பட்டது.

இரண்டு நாள்களாகக் குடுவைக்குள் அந்தச் சிற்றுயிர் கைகளை வீசி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. கண்ணாடிக்கும் கட்டிய ஓலைக்கும் அப்பால் அதன் குரல் எவருக்கும் கேட்கவில்லை. "ஆடுகிறது!" என்று கண்டவர் எல்லாம் கைதட்டினர்.

ஓலை அவிழ்க்கப்பட்டது. செம்பி குட்டியைத் தூக்கிக் குடுவையின் விளிம்பில் பிடித்தது. சவ்வாதப்பன் எழுந்து வந்து, எல்லாரும் காணும்படி சிப்பியால் பலமாகத் தட்டிற்று. நீல வளையங்கள் பளீரென்று எரிந்தன. மின்னி அவ்வொளியைப் பிடிக்க ஆசையோடு கையை நீட்டினாள்.

"எடு! பிள்ளையின் கையை எடு! எடுக்கிறாயா இல்லையா!"

கூச்சலிட்டது கழிமுகத்தில் வாழும் நண்டு நல்லாத்தாள். பக்கவாட்டில் நடப்பதால் எந்த விருந்துக்கும் அது தாமதமாகவே வரும். அன்றும் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது.

செம்பி திடுக்கிட்டுக் குட்டியைச் சற்றே உயர்த்திற்று. நீருக்கும் கைக்கும் இடையில் ஒரு புல்லிதழ் நுழையும் இடைவெளிதான் இருந்தது.

அரவஞ்சான் சீறிற்று. "நல்ல காரியம் நடக்கும் இடத்தில் என்ன கூப்பாடு? நேராக நடக்கத் தெரியாதவள் எனக்கு நெறி சொல்ல வந்தாளோ!"

"என் நடையைப் பிறகு பழித்துக்கொள்ளும், கீரியாரே! அதுவா நீலமணி? கடலில் அதைப் பேய்க்கணவாய் என்போம். அதிலும் இது நீல வளையம் போட்ட சாதி! என் சின்னம்மாவை இதுதான் கடித்தது. கடித்த இடத்தில் வலிகூட இல்லை என்று சொன்னாள். சொல்லி முடிக்குமுன் நாக்கு எழவில்லை. கால்கள் பத்தும் மரத்தன. கண் மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அப்படியே மூச்சு நின்றது!"

முன்வரிசைத் தவளைகள் பின்னுக்கு நகர்ந்தன.

"எங்கள் குலத்துக்கு நஞ்சு ஏறாது!" என்றது அரவஞ்சான். ஆனால் குரலில் முன்பிருந்த முழக்கம் இல்லை.

"பாம்பின் நஞ்சு ஏறாது, ஒப்புக்கொள்கிறேன். கடலின் நஞ்சு உம்முடைய பாட்டனார் பெயரைக் கேட்டுக்கொண்டா உள்ளே போகும்? சரி, என் பேச்சு வேண்டாம். விற்றவர் இங்கேதானே இருக்கிறார்? முதலில் அவர் கையை விடட்டும்!"

எல்லாக் கண்களும் சவ்வாதப்பன் மேல் திரும்பின.

"நானா? நான் இவ்வீட்டுக்கு இளையவன் அல்லவே! சடங்கு கெட்டுவிடும்!"

"சடங்கு கெட்டால் மறுபடியும் நடத்திக்கொள்வோம். கையை விடும் ஓய்!" என்று ஒரு தவளை குரல் கொடுத்தது.

"கை... கையில் சிறு காயம்..."

"மற்றொரு கை இருக்கிறதே!"

"அந்தக் கையால்தானே நான் உண்ண வேண்டும்!"

அப்போதுதான் முயல் வெண்காதன் மெல்லச் சொல்லிற்று: "கோமாளி மீனை இவர் கையால் அள்ளித் தந்ததை நான் பார்த்திருக்கிறேன். இதை மட்டும் நீண்ட கோலால் தள்ளித் தள்ளித்தான் குடுவையில் ஏற்றினார். அப்போது அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை."

இதற்குள் குடுவையின் விளிம்பில் இரு சிறு கண்கள் தெரிந்தன. பேய்க்கணவாய் மேலேறி வந்து பேசிற்று.

"ஐயா கீரியாரே! அம்மா! நான் சிரிக்கவில்லை. பிடித்து அடைத்த நாள் முதல் அஞ்சி அஞ்சிச் சாகிறேன். இவ்வளையங்கள் 'அருகில் வராதே' என்று எங்கள் குலத்தார் இடும் கூச்சல். அதைத்தான் இவர் தட்டித் தட்டி எழுப்பி வேடிக்கை காட்டுகிறார். தொட்டால் கடிப்பேன். கடிக்கக் கூடாது என்று நினைத்தாலும் என் அச்சம் கடித்துவிடும். கடித்தபின் அதற்கு மருந்து எனக்கே தெரியாது. தயவு செய்து குழந்தையை அப்பால் கொண்டு போங்கள்!"

செம்பி குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு பத்தடி பின்னுக்குத் தாவிற்று. தாவிய வேகத்தில் குடுவை ஆடி, நீர் சிதறிற்று.

"மின்னி! மின்னி!"

குட்டி அசையவில்லை. தலை தொங்கிற்று. கண் மூடியிருந்தது. அரவஞ்சான் ஓடிவந்து குட்டியின் அருகில் மண்ணில் அமர்ந்தது.

செம்பி குட்டியின் மார்பில் காதை வைத்தது. ஒரு கணம் ஓடிற்று. பின் அதன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு அரும்பிற்று.

"குறட்டை விடுகிறாள்!"

ஆம், விடியற்காலையில் எழுப்பிக் குளிப்பாட்டப்பட்ட அசதியில், அவ்வளவு ஆரவாரத்துக்கும் நடுவே மின்னி உறங்கிவிட்டிருந்தாள்! கை நனையவே இல்லை. கூட்டம் முழுவதும் ஒரே மூச்சாகப் பெருமூச்சு விட்டது. தவளைகள் அழுதுகொண்டே சிரித்தன.

அரவஞ்சான் எழுந்து சவ்வாதப்பன் முன் நின்றது.

"உமக்குத் தெரியுமா?"

"கேட்டீர்களா, அண்ணாச்சி? நீங்கள்தானே..."

"இவள் கேட்டாள். பல் இல்லை என்றீர்."

"பல் இல்லைதான். கிளிமூக்குப் போல் ஓர் அலகு உண்டு. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை."

அரவஞ்சான் பாய்ந்துவிடும் என்றே எல்லாரும் எண்ணினர். பாயவில்லை. தலை தாழ்த்தி, "கேட்க வந்தவளை நான்தான் தடுத்தேன். குற்றத்தில் பாதி என்னுடையது. மறுபாதியை நீர் சுமந்து வாரும்!" என்றது.

குடுவையைச் சவ்வாதப்பனே தூக்கி நடக்க வேண்டும் என்று முடிவாயிற்று. நல்லாத்தாள் வழிகாட்டிற்று. "நீரைச் சிந்தாதீர்! உள்ளே இருப்பதற்கும் உயிர் உண்டு!" என்று அது வழிநெடுக அதட்டியபடியே சென்றது. சவ்வாதப்பன் கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, கைகளை முன்னுக்கு நீட்டி, முள்மேல் நடப்பதுபோல் நடந்தது. அந்நடையைக் கண்ட பிறகு, அது எதை விற்றது என்பதில் எவருக்கும் ஐயம் எஞ்சவில்லை.

பாறை இடுக்கில் குடுவை சாய்க்கப்பட்டது. பேய்க்கணவாய் நழுவி இறங்கிற்று. அதன் வளையங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. சேற்று மஞ்சளாய், எவர் கண்ணுக்கும் அழகற்றதாய், மணலோடு மணலாக அது ஒளிந்துகொண்டது. அச்சம் தீர்ந்த உயிரின் நிறம் அதுதான் என்று செம்பி தெரிந்துகொண்டது.

திரும்பும் வழியில் சவ்வாதப்பனின் கிடங்கு திறந்து பார்க்கப்பட்டது. உள்ளே முதுகில் நச்சு முள் ஒளித்த கல்மீன் ஒன்றும், கொட்டும் சங்கு இரண்டும் விற்பனைக்குக் காத்திருந்தன.

"ஐயோ, அந்தக் கல்மீனை என் குட்டிகளுக்கு விளையாட என்று நான் சொல்லி வைத்திருந்தேனே!" என்று கூவிய வெண்காதன், எட்டுக் குட்டிகளையும் மும்முறை எண்ணிப் பார்த்தது. எட்டும் இருந்தன.

கல்மீனும் சங்குகளும் அப்போதே கடலுக்குத் திருப்பப்பட்டன. பிற உயிரை விற்பவர் எவராயினும், அது அஞ்சினால் என்ன செய்யும் என்பதை ஊரார் முன் முதலில் சொல்ல வேண்டும் என்று விதி எழுதப்பட்டது. சவ்வாதப்பன் அதை ஏற்றுக் கையொப்பமிட்டுவிட்டு, தாழம்பூ வாணிகத்துக்கு மாறிக்கொண்டது.

ஓர் உயிரின் எச்சரிக்கையை அழகென்று விற்பவனும், தன் வீரத்தை நம்பி விசாரியாமல் வாங்குபவனும், ஏதும் அறியாத பிள்ளையின் உயிரையே ஆபத்தில் நிறுத்துகின்றனர் என்பதை அத்தாழைக்காடு எவ்விதச் சேதமுமின்றிக் கற்றுக்கொண்ட நாள், ஆவணித் திங்கள் பதினேழாம் நாள், வியாழக்கிழமை.