அடைத்த பொந்தும் அடங்காத வீம்பும்

மலைக்காட்டில் ஓர் உயரமான மரப்பொந்துக்குள் சிங்காரி என்ற இருவாச்சிப் பறவை அடைந்து கிடந்தாள். யாரும் அவளைப் பிடித்து அடைக்கவில்லை. இருவாச்சிகளின் வழக்கமே அதுதான். பெண்பறவை பொந்துக்குள் புகுந்து, வாசலைப் பூசி மூடிவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடும். பறக்கும் இறகுகளை உதிர்த்துவிட்டு முட்டையோடு உட்கார்ந்துவிடும். குஞ்சு பொரித்து வளரும்வரை ஆண்பறவை கொண்டுவந்து ஊட்டினால்தான் வயிறு நிறையும்!

சிங்காரிக்கும் குஞ்சு பொரித்துவிட்டது. அவள் புருஷன் பெயர் மிடுக்கன். பெயருக்கேற்ற ஆள்தான். அத்திப்பழத்தைக் கீறல் வழியே நீட்டுவான். ஒரு வார்த்தை பேசாமல் பறந்துவிடுவான். முன்பெல்லாம் அடிக்கடி வந்தவன், இப்போது வெயில் சாய்ந்த பிறகுதான் வந்தான். பழமும் குறைந்துபோயிற்று.

'எங்கேதான் போய் வருகிறார்?' சிங்காரிக்கு மனசு அரித்தது. கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே! மாட்டாள். "நானா கேக்கறது? அவரா சொல்லட்டும்!" என்று வீம்பாக இருந்தாள்.

அப்போது மரநாய் ஒன்று பக்கத்துக் கிளையில் வந்து உட்கார்ந்தது.

"தங்கச்சி, சொன்னா வருத்தப்படுவே. உன் வீட்டுக்காரர் எதிர்மலையில இன்னொரு பெண்பறவை முன்னால தலைகுனிஞ்சு நின்னாரு. என் கண்ணால பார்த்தேன்!"

"அவரா? யார் முன்னாலயும் தலைகுனிய மாட்டாரே!"

"அதான் எனக்கும் ஒரு மாதிரியா இருந்துச்சு. இவரை நம்பி உள்ளே கிடக்கிறியே, உனக்கு ரோஷமே இல்லையா?"

அந்தச் சொல் அவளைச் சுருக்கென்று தைத்தது. புருஷனைச் சந்தேகப்பட்டாள், சரி. மரநாய்க்கு என்ன இவ்வளவு அக்கறை என்று யோசித்தாளா? இல்லையே!

அன்று மிடுக்கன் வந்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழத்தைத் தொடவில்லை. "என்ன கோபம்?" என்று அவனும் கேட்கவில்லை. பழத்தைக் கீறலில் வைத்துவிட்டு விருட்டென்று போய்விட்டான்.

மறுநாள் காலை சிங்காரி வாசலைக் கொத்தி உடைத்தாள். "இனி இவர் தயவு எனக்கு வேண்டாம்! நானே என் பிள்ளைக்கு இரை தேடுவேன்!" என்று வெளியே பாய்ந்தாள்.

பறக்க இறகு வேண்டாமா? உதிர்த்தது இன்னும் முளைக்கவில்லையே! பொத்தென்று கீழ்க்கிளையில் போய் விழுந்தாள்.

இதற்காகவே பக்கத்துக் கிளையில் காத்திருந்த மரநாய் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பொந்துக்குள் தலையை நுழைத்தது. குஞ்சு ஒரு தடவை கத்தியது. அப்புறம் சத்தமில்லை.

மிடுக்கன் வந்து சேர்ந்தபோது பொந்து வெறுமையாகக் கிடந்தது. அவன் அலகிலிருந்த பழங்கள் உதிர்ந்தன.

"நம்ம மலையில அத்தி ஓய்ஞ்சு போச்சு சிங்காரி," என்றான். "எதிர்மலைக்காரங்ககிட்ட தினமும் கெஞ்சித்தான் பழம் வாங்கினேன். அதை உன்கிட்ட சொல்ல எனக்குக் கேவலமா இருந்துச்சு."

"ஐயோ, நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!" என்று சிங்காரி நெஞ்சு வெடிக்க அழுதாள்.

சொல்ல மறுக்கும் கர்வமும் கேட்க மறுக்கும் கர்வமும் ஒரே வீட்டில் குடியிருந்தால், அங்கே பகைவன் பேச்சுதான் எடுபடும்.