கந்தகத்தின் கை

மழை ஓயாத ஒரு மலையடிவாரத்தில் முன்பு இரண்டு ரப்பர் உருண்டைகள் இருந்தன. மேகமாக வேண்டும் என்று அவை கனவு கண்டன.

ஒவ்வொன்றுக்குள்ளும் சோடா உப்பும் கந்தகமும் குடியிருந்தார்கள். சூடு பட்டால் சோடா உப்பு மூச்சு விடுவாள், ரப்பர் பொங்கும். கந்தகம் இழைகளை இழுத்து முடிச்சுப் போடுவார். பொங்கியது அப்படியே நிற்கும்.

அடுப்பைப் பார்த்துக்கொண்டவள் கிறேஸி. அவள் மகள் லிஜிக்கு நடக்க முடியாது. சக்கர நாற்காலியின் பலகை உறுத்தி உறுத்திப் புண் வந்திருந்தது. அவள் நாற்காலிக்கு மெத்தை செய்யத்தான் இந்த ரப்பர் உருண்டைகள். எங்கே போனாலும் நாற்காலியின் பின்பிடியை கிறேஸி விடமாட்டாள்.

முதல் உருண்டையை அடுப்பில் வைத்து, "சீக்கிரம் ஆகட்டும்" என்று தீயைக் கூட்டினாள்.

சூடு சுள்ளென்று ஏறியது. கந்தகம் பதறி எழுந்தார். "சரிஞ்சிரும், சரிஞ்சிரும்" என்று ஓடி ஓடி முடிச்சுப் போட்டார்.

"அண்ணாச்சி, நான் இன்னும் வாயே திறக்கல்ல!"

"நீ திறந்தா எல்லாம் பறந்துரும். உன்னைத் தெரியாதா?"

"நீங்க கட்டினா செங்கல்தான் வரும்."

செங்கல்தான் வந்தது. லிஜி உட்கார்ந்து பார்த்தாள். "அம்மா, இதுக்கு அந்தப் பலகையே மேல்" என்று சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

மிச்சம் ஒரே உருண்டை. அதற்குள் இருந்த சோடா உப்பும் கந்தகமும் நடந்ததையெல்லாம் பார்த்திருந்தார்கள். கிறேஸி பயந்து பயந்து தீயைத் தணித்தாள்.

இந்த முறை சூடு தூக்கம் வருவதுபோல மெல்ல வந்தது. சோடா உப்பு மூச்சு விட்டாள். ரப்பருக்குள் சின்னச் சின்ன அறைகள் திறந்தன. தரை நழுவிப் போவதுபோல, தான் மிதப்பதுபோல இருந்தது ரப்பருக்கு.

கந்தகத்தின் கை நடுங்கியது. "இப்பக் கட்டட்டா?"

"பொறுங்க அண்ணாச்சி."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

அறைச் சுவர்கள் வெங்காயத் தோல்போல மெலிந்தன. "இனி என்னால நிறுத்த முடியாது, பிடிங்க!" என்று அவள் கத்தினாள். அவர் சுவருக்கு ஒரு முடிச்சாகப் போட்டுக்கொண்டே போனார். ஒரு சுவரும் சரியவில்லை.

"கட்டினது கஷ்டமில்ல. சும்மா இருந்தேன் பாரு, அதுதான்" என்றார் வியர்த்துப்போய்.

லிஜி உட்கார்ந்தாள். அழுத்தினால் அமிழ்ந்து, மறுபடி எழும்பியது மெத்தை.

"அம்மா, மேகத்துல இருக்கேன்" என்றாள். பிறகு சக்கரத்தில் கை வைத்தாள். "முக்குக் கடை வரைக்கும் நானே போயிட்டு வரட்டா?"

"விழுந்திருவே மக்களே..."

சக்கரம் நகர்ந்துவிட்டது. பின்பிடியை நோக்கி நீண்ட கிறேஸியின் கை பாதியில் நின்றது.

அந்தக் கை நடுங்குவதை மெத்தைக்குள்ளிருந்து கந்தகம் பார்த்துக்கொண்டே போனார்.