வாடகை கேட்கப் போன உடும்பு

குளத்தங்கரைக் கருவேலங்காட்டில் சடையன் என்ற பெருச்சாளி பெரிய வளை ஒன்று தோண்டி வைத்திருந்தது. மூன்று மழைக்காலம் பாடுபட்டுத் தோண்டிய வளை அது. உள்ளே ஒரு பெரிய அறை. வாசலை ஒட்டி ஒரு சின்ன அறை. பெரிய அறையில் சடையனும் அதன் மனைவி பேச்சியும் இருந்தன. சின்ன அறை சும்மா கிடந்தது.

ஒருநாள் சின்னி என்ற வயலெலி தன் கணவனோடு வந்து இடம் கேட்டது.

"இடம் இருக்கிறது. வாடகை என்ன தருவாய்?" என்றது சடையன்.

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு கட்டு கம்பங்கதிர் தருகிறோம் அண்ணே!"

சடையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெருச்சாளிக்குக் கனத்த உடம்பு. கம்பந்தட்டையில் ஏறினால் தட்டை மடங்கி விழும். வயலெலிக்கு அந்தத் தொல்லை இல்லை. விறுவிறுவென்று ஏறும், கதிரைக் கடித்துப் போடும், இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

சொன்னபடி வாடகை வந்தது. ஒரு பௌர்ணமிகூடத் தவறவில்லை. இரண்டு குடும்பமும் ஒற்றுமையாக இருந்தன.

அடுத்த ஆண்டு மழை பொய்த்தது. கம்பு முழங்கால் உயரத்திலேயே கருகியது. அதே மாதம் சின்னியின் கணவனைப் பருந்து தூக்கிக்கொண்டு போனது. சின்னி அப்போது நிறைமாதம். சில நாளில் நான்கு குஞ்சுகள் பிறந்தன. கண் திறக்காத, மயிர் முளைக்காத குஞ்சுகள்.

இரண்டு பௌர்ணமி கடந்தது. வாடகை வரவில்லை.

சடையன் வாசலில் நின்றால் சின்னி வெளியே வராது. சடையன் உள்ளே போனபிறகு சுவரோரமாக நழுவி ஓடிவிடும். தப்பித் தவறி எதிரே அகப்பட்டால், "நாளைக்கு அண்ணே, நாளைக்கு!" என்று சொல்லிக்கொண்டே புதருக்குள் மறையும்.

பேச்சிக்குப் பொறுக்கவில்லை. அதற்கும் பிரசவ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"வளையில் ஒரு மணி தானியம் இல்லை. போய்க் கேளுங்கள்!" என்றது.

"எப்படிக் கேட்பது? புருஷனைப் பறிகொடுத்தவள் ஆயிற்றே!"

"அப்படியானால் இந்த வருஷம் வாடகை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவளும் ஒளியாமல் நடமாடுவாள். இரண்டில் ஒன்றை வாய் திறந்து சொல்லுங்கள்!"

சடையன் சின்ன அறையின் வாசலுக்குப் போனது. தொண்டையைக் கனைத்தது.

"என்ன அண்ணே?" என்று உள்ளிருந்து நடுங்கும் குரல் வந்தது.

"ஒன்றுமில்லை... குஞ்சுகள் சுகமா?"

"சுகம் அண்ணே."

சடையன் திரும்பி வந்துவிட்டது. "கேட்டுவிட்டேன். தருகிறாளாம்" என்று பேச்சியிடம் பொய் சொன்னது.

மூன்றாவது பௌர்ணமியும் போனது. தான் கேட்கவே இல்லை என்பதைச் சடையன் மறந்துவிட்டது. சின்னி தன்னை ஏமாற்றுகிறாள் என்பது மட்டுமே மனத்தில் நின்றது. ஒருநாள் காலையில் குளத்தங்கரையில் உட்கார்ந்து தனக்குத்தானே புலம்பியது.

"என் வளை! என் உழைப்பு! இன்னொருத்தி சுகமாகக் குடியிருக்கிறாள்!"

பக்கத்துப் பாறையில் வல்லடியான் என்ற உடும்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அது ஒரு கண்ணைத் திறந்தது.

"கேளாத கடன் பாழ் என்பார்கள், சடையா! ஏன் சும்மா இருக்கிறாய்?"

"நேருக்கு நேர் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை, அண்ணே!"

"உனக்காக நான் கேட்கிறேன். கிடைப்பதில் பாதி எனக்கு. சம்மதமா?"

சடையன் உடும்பின் நீண்ட நகங்களைப் பார்த்தது. பிளந்த நாக்கைப் பார்த்தது. ஒரு கணம் தயங்கியது.

"மிரட்டினால் போதும். அடிக்கக் கூடாது!"

"அடிப்பதா? நான் யாரையும் அடித்ததே இல்லை!" என்று உடும்பு சிரித்தது. "நாளை நடுப்பகலில் வருகிறேன். அந்த நேரத்தில் நீ வீட்டில் இருக்காதே. உனக்கு இளகிய மனசு!"

மறுநாள் நடுப்பகலில் சடையன், கிழங்கு தோண்டலாம் என்று சொல்லிப் பேச்சியை எதிர்க்கரைக்கு அழைத்துப் போனது. சற்று நேரத்தில் வளைப் பக்கமிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"அது என்ன சத்தம்?" என்று பேச்சி காதை நிமிர்த்தியது.

"குருவியாக இருக்கும்" என்றது சடையன். பிறகு மண்ணை முன்னைவிட வேகமாகப் பறித்தது. சத்தம் இன்னும் மூன்று முறை கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

அவை திரும்பியபோது, சின்ன அறையை அடைத்துக்கொண்டு உடும்பு படுத்திருந்தது. குஞ்சுகள் இல்லை. சின்னி இல்லை.

"அண்ணே! சின்னி எங்கே?"

"வெளியே போயிருந்தாள். வந்தாள். எட்டிப் பார்த்தாள். அலறிக்கொண்டு ஓடிவிட்டாள்."

"குஞ்சுகள்?"

உடும்பு நாக்கை நீட்டி மூக்கைத் துடைத்துக்கொண்டது.

"வாடகையை வசூல் செய்தாகிவிட்டது. உன் பாதி வேண்டுமா? உனக்குச் செரிக்காதே!"

"மிரட்டினால் போதும் என்றுதானே சொன்னேன்!" என்று சடையன் முனகியது.

பேச்சி கணவனைத் திரும்பிப் பார்த்தது. எதிர்க்கரையில் கேட்டது எந்தக் குருவி என்று அதற்கு இப்போது புரிந்தது. அது பெரிய அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

உடும்பு போகவில்லை. மறுநாளும் போகவில்லை.

"அண்ணே, வேலைதான் முடிந்துவிட்டதே..." என்று சடையன் இழுத்தது.

"அறை காலியாகத்தானே இருக்கிறது? நான் இருந்துவிட்டுப் போகிறேன்!"

"வாடகை..."

"என்ன சொன்னாய்? சரியாகக் கேட்கவில்லை!" என்று உடும்பு வாயைத் திறந்தது.

சடையன் பெரிய அறைக்குள் பின்வாங்கியது.

வேறு இடம் போகலாம் என்றால் மழை காணாத மண் பாறையாக இறுகிக் கிடந்தது. நகம் தேய்ந்ததுதான் மிச்சம். 'பசித்தால் தானாகப் போய்விடும்' என்று சடையன் நாளைக் கடத்தியது. பத்தாம் நாள் பேச்சி ஐந்து குட்டிகளை ஈன்றது. அன்று உடும்பு பெரிய அறையின் வாசல்வரை வந்து மோப்பம் பிடித்துவிட்டுப் போனது. சடையனும் பேச்சியும் மண்ணைத் தள்ளி அந்த வாசலை அடைத்துவிட்டு, மாறி மாறிக் காவல் இருந்தன.

அடுத்த நாள் சடையன் பின்பக்கம் மண் சற்று இளகிய இடத்தில் பொந்து பறித்து வெளியேறி, காட்டில் உதவி தேடி ஓடியது. நடந்த கதை அதற்குள் காடெங்கும் பரவியிருந்தது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. முயல், "நீ கூப்பிட்டு வந்த விருந்தாளி, நீயே அனுப்பு!" என்று சொல்லிவிட்டுத் தாவிப் போனது. கடைசியில் கீரியிடம் போய் நின்றது.

"உடும்பைக் கிளப்ப வேண்டும், அவ்வளவுதானே? வருகிறேன்!" என்றது கீரி. "ஆனால் எனக்கு என்ன தருவாய்? உன் வீட்டில் குட்டி பிறந்திருக்கிறதாமே!"

சடையன் கீரியின் பற்களைப் பார்த்தது. திரும்பிப் பாராமல் வீட்டுக்கு ஓடியது.

"இனி யாரும் வரமாட்டார்கள். குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம்" என்றது பேச்சி. பல நாளுக்குப் பிறகு அது கணவனோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

விடியற்காலையில் ஆளுக்கு ஒரு குட்டியை வாயில் கவ்வி, பின்பொந்து வழியாக வெளியேறின. குளத்தின் மேட்டில் ஒரு பழைய முள்வேலிக் குவியல் இருந்தது. அதன் அடியில் இரண்டையும் விட்டுவிட்டு, மற்ற மூன்றை எடுக்கத் திரும்பின.

பின்பொந்தின் வாயில் ஒரு தலை தெரிந்தது. உடும்பின் தலை.

"எங்கே கிளம்பிவிட்டீர்கள்?" என்று அது கேட்டது. "இவ்வளவு நாள் என் வளையில் இருந்தீர்களே, வாடகை கொடுத்தீர்களா?"

"உன் வளையா!" என்று பேச்சி பாய்ந்தது. உடும்பின் வால் சாட்டைபோல் சுழன்றது. பேச்சி உருண்டு போய் வேரில் மோதியது. சடையன் உடும்பின் காலைக் கடித்தது. தடித்த தோலில் பல் இறங்கவில்லை. அடுத்த அடி சடையனின் முதுகில் விழுந்தது.

உடும்பு உள்ளே திரும்பியது. உள்ளே மூன்று குட்டிகள் தாயைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தமும் நின்றது.

வெயில் ஏறியபின் இரண்டும் நொண்டிக்கொண்டே முள்வேலிக் குவியலுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே இரண்டு குட்டிகளின் பக்கத்தில் யாரோ உட்கார்ந்து, எறும்புகளை விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

சின்னி!

அது மெலிந்து, மயிர் உதிர்ந்து கிடந்தது. பேச்சியைக் கண்டதும் குட்டிகளை விட்டு விலகி உட்கார்ந்தது. பேச்சி வாய்விட்டு அழுதது. சடையன் தலையைத் தூக்கவில்லை.

"நான்கு கதிர் சேர்த்து வைத்திருந்தேன், அண்ணே" என்றது சின்னி. "படுக்கைக்கு அடியில் இருந்தது. இவ்வளவு கொஞ்சத்தை எப்படிக் கொண்டுவந்து நீட்டுவது என்று வெட்கப்பட்டேன். ஐந்தாவது கதிர் தேடித்தான் அன்றைக்கு வெளியே போனேன்."

சடையன் முள்ளுக்குள் இன்னும் ஒதுங்கியது.

"நீங்கள் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். போ என்றிருந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

சின்னி எழுந்து, கருகிய வயலின் பக்கம் மெல்ல நடந்து போனது. பேச்சி கூப்பிட்டும் அது நிற்கவில்லை.

தன் வாயால் கேட்கக் கூசியதைக் கொடியவனின் பல்லால் கேட்பவன், அந்தப் பல்லுக்குத் தன் வீட்டையும் சேர்த்தே கொடுக்கிறான்.