ஒரு பல்லிக்கு ஐந்து பெட்டி

டப்பாவில் இருபது சில்வண்டைப் போட்டு, மேலே ஒரு சிட்டிகை கால்சியம் பொடியைத் தூவி, மூடியை அழுத்திப் பிடித்தபடி ஜெயக்கொடி குலுக்கிக்கொண்டிருந்தாள். பூச்சிகள் திருநீறு பூசின மாதிரி வெளுக்கும்வரை குலுக்க வேண்டும். கொஞ்சம் கூடிப்போனால் கால் ஒடிந்துவிடும். எங்கே நிறுத்துவது என்று அவள் கைக்குத் தெரியும்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. செருப்புக்கு முன்னால் குரல் ஏறி வந்துவிட்டது.

“ஜெயக்கொடி! இன்னைக்கு எனக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும்!”

வந்தவர் சிகாமணி மாஸ்டர். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். எண்ணூறு பிள்ளைகளை விசில் இல்லாமல் வாயாலேயே நிறுத்தியவர். ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் மைதானம் அவர் தொண்டையை விட்டுப் போகவில்லை.

ஜெயக்கொடிக்கு இருபத்துமூன்று வயது. கைக்குழந்தைக்காரி. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மீன் கடைத் தெருவுக்குப் பின்னால், மாமியார் வீட்டு மொட்டைமாடியில் கொட்டகை போட்டுச் சிறுத்தைப் பல்லி வளர்க்கிறாள். மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி, கொழுத்த வால். மனுஷர் மாதிரி இமை மூடித் தூங்கும். சுவரில் ஏறத் தெரியாது. ஆசைப்பட்டு வாங்கி வளர்க்கத் தெரியாமல் முழிக்கிறவர்கள் அவளைத் தேடி வருவார்கள். வந்தவர்கள் முகத்தை அவள் பார்க்கமாட்டாள். தரையைப் பார்த்து நாலு வார்த்தை சொல்வாள், அவ்வளவுதான்.

மாஸ்டருக்கு அவள்தான் குரு. சொல்லிக்கொள்ள அவருக்கு வெட்கம். ஆனால் நாலு மாசமாக வாரம் தவறாமல் படியேறி வந்து, அவள் காட்டிய தொட்டியைக் கழுவி, அவள் வளர்க்கிற பூச்சிக்குக் கேரட் நறுக்கிப் போடுகிற மனுஷரைச் சீடர் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

எல்லாம் மணிக்காக.

மணி அவருடைய மகள் கயல்விழி வளர்த்த பல்லி. வீட்டுக்கு எதிரிலேயே கல்லூரி இருக்க, கோயமுத்தூரில்தான் படிப்பேன், விடுதியில்தான் இருப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்று போனவள் கயல்விழி. விடுதியில் பல்லியை விடமாட்டார்கள். அம்மாவும் இல்லை, தவறி ஆறு வருஷமாயிற்று. வேறு வழியில்லாமல் மணியை அப்பாவிடம் விட்டுப் போனாள். அன்றிலிருந்து போனில் அவள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று.

“மணி சாப்பிட்டானா?”

“சாப்பிட்டான்.”

“சரி, வைக்கிறேன்.”

உண்மையில் மணி சாப்பிடவில்லை. நாளாக நாளாக வால் வற்றி நூலாகத் தொங்கியது. அப்போதுதான் பயந்துபோய் அவனை இங்கே தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ஜெயக்கொடி தேற்றினாள். ஒரே மாசத்தில் வால் விரல் கனத்துக்கு வந்துவிட்டது. ஆனால் திருப்பித் தரவில்லை.

“பெட்டி சரியாகட்டும் சார்.”

முதல் பெட்டியில் அவர் ஆற்றுமணல் பரப்பியிருந்தார். பாலைவனத்துப் பிராணி என்று யாரோ சொன்னதை நம்பி. ஜெயக்கொடி அதைத் தொட்டுப் பார்த்தாள். அவருடைய மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, தயிர்சாதத்தின் மேல் ஒரு சிட்டிகை மணலைத் தூவினாள்.

“பூச்சியைக் கவ்வும்போது அதுவும் இப்படித்தான் சார் சேர்த்துத் தின்னும். வயித்துல கட்டிக்கும்.”

அன்று மாஸ்டர் பட்டினி. மறுவாரம் மணலைக் கொட்டிவிட்டு டைல்ஸ் ஒட்டிக்கொண்டு வந்தார். அதில் பெட்டி முழுக்க ஒரே சூடு. குளிர்ச்சி வேண்டுமென்றால் மணி எங்கே போவான் என்று கேட்டாள். மூன்றாவதில் ஒரு பக்கம் மட்டும் கரண்டில் சூடேறுகிற சூட்டுப்பாயை வைத்தார், ஒளிந்துகொள்ள ஒரு கொட்டாங்கச்சி கவிழ்த்தார். சூட்டுப் பக்கம் ஒளிய இடம் இருக்கு, குளிர்ந்த பக்கம் எங்கே என்று கேட்டாள். நாலாவதில் மூன்று கொட்டாங்கச்சி. இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று, தோல் உரிக்கிற நாளுக்கென்று ஈரத் தேங்காய்நாரோடு நடுவில் ஒன்று.

அப்போதும் “ஆகல சார்” என்றுதான் சொன்னாள். ஏன் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. கண்ணாடிதான் சின்னதோ என்று பெரிசாக ஐந்தாவதைக் கட்டி, போன சனிக்கிழமை இங்கே கொண்டுவந்து வைத்தார். ஒரு வாரமாக மணி அதற்குள்தான் இருக்கிறான்.

இன்று ராத்திரி ரயிலேறி நாளைக் காலை கயல்விழி வருகிறாள். ஆறு மாசம் கழித்து. வந்து பார்க்கும்போது மணி வீட்டில் இல்லையென்றால், அப்பனோடு பேச அவளிடம் இருக்கிற அந்த ஒரு கேள்வியும் போய்விடும்.

“சாப்பிட்டானா?” என்றார் மாஸ்டர்.

“தினமும் சாப்பிட்டான் சார். நேத்து ஆறு பூச்சி.”

“என் பெட்டியில வச்சா?”

“உங்க பெட்டியிலதான்.”

“அப்போ பெட்டி ஆச்சு!”

“ஆகல சார்.”

மாஸ்டருக்குக் காதுமடல் சிவந்தது.

“என்ன, விளையாடறியா? டைல்ஸ் போடுன்னே, போட்டேன். சூடு ஒரு பக்கம்னே, வச்சேன். கொட்டாங்கச்சியைச் சுரண்டிச் சுரண்டி என் நகம் போச்சு! முப்பத்தொரு வருஷம் ஊரான் புள்ளைங்களைத் தோப்புக்கரணம் போட வச்சவன்மா நான். இந்த வயசுல என்னை ஒரு பல்லி தோப்புக்கரணம் போட வைக்குது. நீ பக்கத்துல நின்னு எண்ணிக்கை சொல்றே!”

ஜெயக்கொடி தரையைப் பார்த்தாள்.

“உன் வீட்டுல ஆறு பூச்சி தின்னுறவன் என் வீட்டுல ஏன் ஒண்ணுகூடத் தின்னல? அதைச் சொல்லு. அதுக்கு மட்டும் பதில் சொல்லு!”

அவள் டப்பாவை இன்னொரு குலுக்குக் குலுக்கினாள். பிறகு கேட்டாள்:

“உங்க வீட்டுல மணியை எப்போ சார் பார்ப்பீங்க?”

“காலையில ஆறு மணிக்கு. அட்டெண்டன்ஸ்.”

அவளுக்குப் புரியவில்லை.

“கொட்டாங்கச்சியைத் தூக்குவேன். ‘மணி!’ன்னு ஒரு சத்தம் கொடுப்பேன். இருப்பான். ‘ஆஜர்’னு நானே சொல்லிட்டுக் கவுத்துடுவேன். ஒரு நாள் தப்பினது கிடையாது.” மாஸ்டரின் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. “பொறுப்பா பார்த்துக்கங்கன்னு பொண்ணு ஒப்படைச்சிட்டுப் போயிருக்கா. உள்ளே இருக்கானா, செத்தானான்னு தெரிய வேணாமா? கயலையே நான் அப்படித்தான் வளர்த்தேன். ஆறு மணி அடிச்சா போர்வையை ஒரே உருவு. இன்ஜினியரிங் படிக்குதுல்ல?”

ஜெயக்கொடியின் கை நின்றது.

டப்பாவை ‘ணங்’கென்று பலகையில் வைத்தாள். நாலு மாசத்தில் முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தச் சின்ன முகம் அடுப்புச் சட்டியாகக் கறுத்திருந்தது.

“உட்காருங்க.”

‘சார்’ இல்லை. மாஸ்டர் அதைக் கவனித்தார்.

அவள் ஒரு முக்காலியை இழுத்து மணியின் பெட்டிக்கு எதிரே போட்டாள்.

“அவனா வெளியே வர்ற வரைக்கும் இருங்க. பேசக்கூடாது. தட்டக்கூடாது. தூக்கக்கூடாது. போன் வாயையும் அடைங்க.”

“எவ்வளவு நேரம்?”

“அது மணிக்குத்தான் தெரியும்.”

“இங்க பாரும்மா, நாளைக்குப் பொண்ணு வர்றா, வீட்டுல தலைக்கு மேல வேலை…”

“உட்காருங்க.”

உட்கார்ந்தார். அப்போது நேரம் நாலரை இருக்கும்.

கொசு கடித்தது. வியர்த்தது. வயிற்றுக்குள் உலை கொதித்தது. அஞ்சாம் கிளாஸ் தாண்டாத பெண் தன்னை முக்காலியில் உட்கார வைத்துவிட்டாள். மனசுக்குள்ளேயே அவளை வெயிலில் முட்டிபோட வைத்தார். மைதானத்தை நாலு சுற்று ஓடவிட்டார். அதுவும் ஆறாமல், காதைப் பிடித்துக்கொண்டு நூறு என்றார். மனசுக்குள் அவள் நூறும் போட்டு முடித்தாள். பெட்டிக்குள் ஒன்றும் அசையவில்லை.

ஐந்தே முக்காலுக்குக் கொட்டாங்கச்சி ஓட்டையில் ஒரு மூக்கு தெரிந்தது.

“வந்துட்டாண்டா!”

மூக்கு போயே போய்விட்டது.

கொட்டகையின் அந்தக் கோடியில் தண்ணீர்க் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்த ஜெயக்கொடி திரும்பக்கூட இல்லை.

“முதல்லேர்ந்து.”

மாஸ்டர் பல்லைக் கடித்தார். எழுந்து போய்விடலாம். போனால் நாளைக் காலை கயலுக்கு என்ன பதில்? தொடைமேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். வெளிச்சம் மங்கியது. கீழே மீன் கடைகளில் விளக்கு போட்டார்கள். அவருக்குள் கொதித்ததற்குக் கொஞ்சம் கொஞ்சமாக விறகு தீர்ந்துகொண்டு வந்தது. எப்போதாவது இப்படிச் சும்மா உட்கார்ந்திருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தார். நினைவில்லை.

முதலில் ஒரு கால் வந்தது. அப்புறம் தலை. தலை நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. மாஸ்டர் மூச்சைக்கூட அளந்து விட்டார். மணி முழுசாக வெளியே வந்து, டைல்ஸ் மேல் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடந்தான். நடை அப்படியொரு ராஜநடை. கண்ணாடி அருகே வந்து அவரையே பார்த்தான். பிறகு இமையை ஒருதரம் மூடித் திறந்தான்.

ஜெயக்கொடி சத்தமில்லாமல் வந்து ஒரு பூச்சியை உள்ளே விட்டுப் போனாள். மணியின் வால்நுனி மெல்ல நெளிந்தது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கயல்.

எடுக்காமல் இருக்க முடியாது. எழுந்திருக்கவும் முடியாது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு எடுத்தார்.

“மணி சாப்பிட்டானா?”

“சாப்பிடப் போறாம்மா.” குரலே இல்லை, காற்றுதான் வந்தது. “என் கண்ணு முன்னாடி நிக்கிறான் கயல். வாலை ஆட்டுறான்.”

“அப்பா?”

“ம்.”

“என்னப்பா ஆச்சு? உடம்புக்கு முடியலையா?”

“நல்லாத்தாம்மா இருக்கேன்.”

“பொய் சொல்லாதீங்க. ஆஸ்பத்திரியிலயா இருக்கீங்க? பக்கத்துல யாராவது இருக்காங்களா? போனை அவங்ககிட்டக் குடுங்க.”

“ஏம்மா இப்படிக் கேட்கிறே?”

“மெதுவா பேசுறீங்களே.”

பெட்டிக்குள் மணி பாய்ந்து பூச்சியைக் கவ்வினான். மொறுக்கென்ற சத்தம் அவருக்குக் கேட்டது. கயல் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, “ரயிலுக்கு நேரமாச்சுப்பா, காலையில வந்துடறேன்” என்றாள்.

மணி இன்னும் மூன்று பூச்சி தின்றான். தண்ணீர் நக்கினான். வந்த மாதிரியே நடந்து உள்ளே போனான்.

மாஸ்டர் முக்காலி இழுபடாமல் எழுந்தார். நுனிக்காலில் நடந்து ஜெயக்கொடியிடம் போனார். அவள் அதற்குள் பெட்டிக்குப் பின்பக்கம் வந்து, சூட்டுப்பாயின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பெட்டிமேல் போர்த்தப் பழைய சேலை ஒன்றை மடித்து எடுத்து வைத்திருந்தாள். கொடுத்தனுப்பப் போகிறாள் என்று தெரிந்தது. தெரிந்ததும் அவருக்கு ஆத்திரம் மறுபடி பொங்கியது.

“நாலு மாசம்,” என்றார். கத்தவேண்டிய வார்த்தையெல்லாம் காற்றாகவே வந்தது. “நாலு மாசம்மா. நாலாவது பெட்டியில என்ன குறை?”

“ஒண்ணும் இல்ல சார்.”

“அஞ்சாவதுல?”

“அதுலயும் இல்ல.”

“அப்போ தெரிஞ்சுக்கிட்டே என்னை அலைய விட்டே!” கண்ணில் தண்ணீர் கட்டியது. “முதல் நாளே ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை! சொல்லியிருந்தா உனக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?”

ஜெயக்கொடி ஒயரைக் கீழே வைத்தாள்.

“சொன்னேன் சார்.”

“எப்போ?”

“முதல் நாளே சொன்னேன், அவனைச் சும்மா விடுங்க, சத்தம் ஆகாதுன்னு. நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க. பேசி முடிக்கட்டும், திரும்பச் சொல்லலாம்னு நின்னேன். நாலு மாசமா நிக்கிறேன். நீங்க இன்னும்…”

“ஏய் ஜெயக்கொடீ!” கீழேயிருந்து மாமியார். “தண்ணி லாரி வந்தாச்சு, குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடியா!”