செக்கடியில் குடியேறிய சுண்டெலி

காட்டோரத்து வரகுக் கொல்லையில் மொச்சை என்ற சுண்டெலி வாழ்ந்தது. அதன் தங்கை சுண்டி, ஊர்ச் செக்கின் அடியில் குடியேறிவிட்டது. இரண்டும் ஒரே ஈற்றில் பிறந்தவை.

மொச்சைக்கு வரகும் புல்விதையும்தான் சாப்பாடு. மழை பெய்தால் நாலு குட்டி போடும். பெய்யாவிட்டால் அதுவும் இல்லை. சுண்டிக்கோ வேளாவேளைக்குக் கடலைப் புண்ணாக்கும் எண்ணெயும்.

"உன் தங்கச்சி மறுபடியும் பெத்துட்டா. இந்தத் தடவை பத்து!" என்றது காகம். "நீ இங்கேயே வரகைக் கொறிச்சுக்கிட்டுக் கிட."

மொச்சைக்கு வயிறு எரிந்தது. இனிமேல் செக்கடியே கதி என்று அப்போதே கிளம்பிவிட்டது. பொறாமை வந்தால் எலிக்கும் கால் நிற்காது, நமக்கு மட்டுமா!

செக்கின் அடியில் ஒரு கிழ எலி சுருண்டு கிடந்தது. முதுகில் ரோமமே இல்லை. மொச்சை மோந்து பார்த்தது. எண்ணெய் வாடைதான் அடித்தது. பக்கத்தில் கிடந்த புண்ணாக்கை ஒரு வாய் கடித்துக்கொண்டே, "ஆத்தா, சுண்டி எங்கே இருக்கா?" என்று கேட்டது.

கிழ எலி மெல்லத் தலையைத் தூக்கியது. "நான்தான்க்கா சுண்டி."

மொச்சைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீயா? நாம ஒண்ணாப் பொறந்தவங்கடி! யாரு உன்னை இப்படிப் பண்ணினது?"

"யாரும் இல்லைக்கா. எண்ணெய் ருசி விடலை. தின்னேன், பெத்தேன். குட்டிங்க பால்குடி மறக்குமுன்னாடியே அடுத்த ஈத்து வயித்துல. தின்ன கொழுப்பெல்லாம் குட்டிங்களுக்கே போயிடுச்சு. என் உடம்பைத் தேத்திக்க ஒரு சொட்டுகூட மிஞ்சலை."

"இப்பவே என்கூட வந்துடு. வரகு தின்னு தேறிக்கலாம்."

சுண்டியின் தலை மறுபடியும் சாய்ந்தது. மொச்சை உலுக்கிப் பார்த்தது. சுண்டியின் மூச்சு நின்றிருந்தது.

அந்நேரம் மேலே செக்கு சுற்றத் தொடங்கியது. எண்ணெய் சொட்டியது. சுண்டியின் மகள்கள் ஓடிவந்தன. எல்லாமே நிறைசினை. குறுக்கே கிடந்த தாயின் மேல் ஏறி நின்று எண்ணெயை நக்கின.

"உங்க அம்மா செத்துட்டாடி!" என்று மொச்சை அலறியது.

"கொஞ்சம் நகருங்க. எண்ணெய் மண்ணுல ஊறிடும்," என்றது ஒரு மகள். அதன் முகம் அதற்குள் நரைத்திருந்தது.

மொச்சை வாயிலிருந்த புண்ணாக்கைத் துப்பிவிட்டு, திரும்பிப் பாராமல் கொல்லைக்கு ஓடியது.

கொழுத்ததையே தின்று ஓயாமல் ஈன்றுகொண்டிருக்கும் உடல், தான் வாழ வேண்டிய நாட்களையும் சேர்த்தே செலவழித்துவிடும்.