தெருவைத் தூக்கி வந்த வெள்ளியம்பலம்

முன்னொரு காலத்தில், ஓர் அதிகாரியிடம் ஒரு முத்திரை வாங்கி வீடு கட்டிய காலம் மலையேறிப் போய், ஏழு முத்திரை வாங்கினாலும் வீடு கட்ட முடியாது என்று ஆகிவிட்ட காலத்தில், ஓர் ஊரில் மகுடவர்மன் என்றொரு ராஜா இருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஓர் ஆசை வந்துவிட்டால் உடனே நடந்தாக வேண்டும். அவருடைய சபையில் விகடன் வெள்ளியம்பலம்.

அந்த வருஷம் வெள்ளம் வந்து ஆற்றங்கரையில் இருந்த நாற்பது சலவைக்காரக் குடும்பங்களின் குடிசைகளை வாரிக்கொண்டு போயிற்று. பிள்ளைகுட்டிகளோடு கோயில் தேர்க்கொட்டகையில் ஒண்டினார்கள். ராஜா மனமிரங்கி, ஏரிக்கு மேற்கே உள்ள அரசு நிலத்தில் அவர்களுக்குச் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள் கட்டித்தர முடிவு செய்தார். திட்டம் போடும் பொறுப்பை வெள்ளியம்பலத்திடம் கொடுத்தார்.

அவ்வளவுதான், நகர அதிகாரி பூவராகருக்கு வயிறு எரிந்தது. "கோமாளிக்கு நகரமைப்பா? உலகம் உருப்பட்டாற்போலத்தான்!" என்று கறுவிக்கொண்டார். எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த நிலத்தை ஒட்டித்தான் அவருடைய தோட்டம். அதை அப்படியே நீட்டிக்கொள்ள வெகுநாளாய் நாக்கில் எச்சில் ஊற உட்கார்ந்திருந்தார்.

சபையில் வரைபடத் துணியை விரித்தார்கள். நடுவே தெரு, இரு பக்கமும் இருபது இருபது வீடுகள், வாசல் வரிசையில் மரங்கள். அரண்மனை ஓவியன் கை தாராளம். மரங்களை ஓட்டுக்கு மேலே ஓங்கி நிற்கும்படி வரைந்திருந்தான். ராஜா சொக்கிப் போனார். "ஆகா, என்ன நிழல்! என்ன நிழல்!" ஆறு அதிகாரிகள் மளமளவென்று முத்திரை குத்தினார்கள். ஏழாவது பூவராகர்.

அவர் எழுந்து கைகூப்பினார். "அரசே, படத்தில் மரங்கள் வானளாவ நிற்கின்றன. நிலத்திலோ முழ உயரக் கன்று நடுவார்கள். படம் ஒன்று, நிலம் ஒன்று என்றால் குடிகள் நகைக்க மாட்டார்களா? கால்கோள் விழா அன்றே மரங்கள் படத்தில் உள்ளபடி நிற்க வேண்டும். இல்லையேல் திட்டம் ரத்து என்று ஆணையிடுங்கள்."

ராஜா தொடையைத் தட்டினார். "சபாஷ்! பன்னிரண்டாம் நாள் கால்கோள். நான் அந்த நிழலில் நடக்க வேண்டும். நடப்பேன்!"

சபையே வெள்ளியம்பலத்தைப் பார்த்தது.  அவன் படத்தின் பக்கம் குனிந்து கேட்டான்: "ஓட்டுக்கு மேல் உயரம், தெருவின் இருபுறமும் வரிசை. வேறு நிபந்தனை உண்டா, அதிகாரி அவர்களே?"

"அரசு நிலத்துக்குள் இருக்க வேண்டும். அது போதும்" என்றார் பூவராகர்.

"அப்படியே எழுதி முத்திரையும் வைத்துவிடுங்கள்."

இனிப்புச் சாப்பிடுவதுபோல் ஏழாவது முத்திரையைக் குத்தினார் பூவராகர்.

வெள்ளியம்பலம் நேரே நிலத்துக்குப் போனான். பொட்டல். ஒரு கள்ளிச்செடிகூட இல்லை. பின்னாலேயே வந்தாள் சலவைக்காரி மாரிக்கண்ணு. "சாமி, பச்சப்புள்ளைங்க சளியில கெடந்து இழுக்குது. ஐப்பசி மழைக்குள்ள ஒரு கூரை கெடைக்குமா, இல்லையா? உள்ளதச் சொல்லிடுங்க."

அந்தக் கேள்வி அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. "கிடைக்கும்மா. முதலில் அளப்போம்" என்றான்.

அளவுக்காரர்கள் கயிற்றை எடுத்து, வழக்கம்போல் பூவராகர் தோட்டத்து வேலியிலிருந்து பிடித்தார்கள்.

"என்னடா இது? எல்லைக்கல்லில் இருந்தல்லவா பிடிக்க வேண்டும்?"

அளவுக்காரன் தலையைச் சொறிந்தான். "வேலிதாங்க எல்லைன்னு பத்து வருசமா அளக்குறோம். பெரிய எடம். எதுக்குங்க வாயக் குடுக்கணும்?"

"ராஜா முத்திர போட்ட கல்லா சாமி?" என்றாள் மாரிக்கண்ணு. "வேலி வர்றதுக்கு முன்ன நாங்க கழுதைய அதுலதான் கட்டுவோம். இப்ப அவுக தோட்டத்துக்குள்ள, கெணத்துக்கும் அந்தப் பக்கம் நிக்குது."

வெள்ளியம்பலம் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தான். வேலிக்கும் கிணற்றுக்கும் நடுவே இலுப்பை மரங்கள் இரண்டு வரிசையாய், தோட்டக் கொட்டகையின் கூரையையும் தாண்டி ஓங்கி நின்றன. விழுந்து விழுந்து சிரித்தான் அவன். மாரிக்கண்ணு பயந்தே போனாள்.

பன்னிரண்டாம் நாள் மேளதாளத்தோடு ராஜா வந்தார். பொட்டலில் வெயில் மண்டையைப் பிளந்தது.

"எங்கே நிழல்?" என்றார் ராஜா.

"ஐயோ பாவம், விகடனாரே!" என்று பூவராகர் உச்சுக் கொட்டினார்.

"பத்தடி நடக்க வேண்டும், அரசே" என்று வெள்ளியம்பலம் ராஜாவைத் தோட்டத்து வாசலுக்கு அழைத்துப் போனான்.

பூவராகர் பதறி முன்னால் பாய்ந்தார். "அது என் தோட்டம்!"

"உங்கள் தோட்டம் கிணற்றுக்கு அப்பால் தொடங்குகிறது. அரசே, எல்லைக்கல்லைப் பாருங்கள். தங்கள் முத்திரைதான். கல்லிலிருந்து கயிறு பிடித்தால் இந்த இலுப்பை மரங்கள் அத்தனையும் அரசு நிலத்தில். ஓட்டுக்கு மேல் உயரம், இரண்டு வரிசை. நடுவே தெரு, மரங்களுக்குப் பின்னால் வீடுகள்."

"படத்தில் தெரு இங்கே இல்லையே!" என்று கத்தினார் பூவராகர்.

"படத்தில் அரசு நிலம் என்றுதான் இருக்கிறது, எந்த மூலை என்று இல்லை. நிபந்தனையும் தாங்கள் எழுதியது. மரத்தைத் தூக்கி வந்து தெருவோரம் நட என்னால் ஆகவில்லை. தெருவைத் தூக்கி வந்து மரத்தடியில் போட்டுவிட்டேன். தெரு இன்னும் வெறும் அளவுக்கயிறுதானே, கனமே இல்லை."

ராஜா கல்லைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், பூவராகரைப் பார்த்தார். "ஆட்கள்... தெரியாமல்..." என்று உளறினார் பூவராகர்.

"வேலியே பயிரை மேய்ந்ததோ!" என்ற ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இலுப்பை நிழலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து நடந்து சிரித்தார். வேலியைப் பூவராகரே தம் கையால் பிடுங்கினார். முள் குத்தியது என்று கேள்வி.

"என்ன வேண்டும், கேள்!" என்றார் ராஜா, தம் பட்டுச் சால்வையை விகடன் தோளில் போர்த்தி.

"அரண்மனைக் கொத்தர்கள் அத்தனை பேரும் இன்றைக்கே வேண்டும், அரசே. மழைக்கு முத்திரை தேவையில்லை, அது பாட்டுக்கு வந்துவிடும்."

வந்தது. ஐப்பசி அடைமழை கொட்டித் தீர்த்தபோது, நாற்பது வீட்டிலும் அடுப்பு எரிந்தது. ராஜா சிரித்த கதை இவ்வளவுதான். பூவராகர் சிரித்ததாக இன்றுவரை யாரும் சொல்லவில்லை.