அம்பு பூட்டாத வில்

ஒரு காட்டுச் சுனையோரம் நின்ற விளாமரத்தில் மருதி என்றொரு மந்தி இருந்தாள். மற்ற குரங்குகளுக்குப் பொழுது போகவில்லை என்றால் பேன் பார்க்கும், வாலைப் பிடித்து இழுத்துச் சண்டை போடும். மருதி வில் செய்வாள்.

யாரையும் கொல்வதற்காக அவள் வில் செய்யவில்லை. கொடியில் ஒரு விளாங்காயைக் கட்டித் தொங்கவிடுவாள். எதிர்க்கிளையில் உட்கார்ந்து அம்பு விடுவாள். காய் விழுந்தால் கிளை ஒடியும்படி குதிப்பாள். விழாவிட்டால் காற்றைத் திட்டுவாள். அவ்வளவுதான் அவள் வேட்டை!

ஆனால் வில் செய்வதில் மட்டும் அவளுக்கு விளையாட்டே கிடையாது. வளைத்தாலும் ஒடியாத தடச மரத்தில் நேரான கிளையாகப் பார்த்து ஒடிப்பாள். பட்டையை உரித்து மூன்று மாதம் நிழலில் காயவிடுவாள். பிறகு கல் சில்லால் செதுக்குவாள். கொஞ்சம் செதுக்கி, கொஞ்சம் வளைத்து, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வளைகிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பாள். வளையாத பக்கத்தை மறுபடி செதுக்குவாள். கடைசியில் மருள் செடியின் நாரை முறுக்கி நாண் கட்டுவாள்.

மரத்தடிப் பாறை இடுக்கில் இருந்த ஊசியப்பன் என்ற முள்ளம்பன்றி, தன் உடம்பிலிருந்து உதிர்ந்த முட்களை அவளுக்குக் கொடுப்பான். நாணல் தண்டின் முனையில் அவற்றைச் செருகினால் அம்பு தயார்.

சுனைக்கு அந்தப் பக்கம் ஒரு காரைமுள் புதர். அதற்குள் பஞ்சி என்ற முயல் மூன்று குட்டி போட்டிருந்தாள். குட்டிகள் கண் திறந்து நாலு நாள்கூட ஆகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சிறுத்தை வந்து சேர்ந்தது.

முதலில் வாடைதான் வந்தது. மறுநாள் ஒரு மானைக் காணவில்லை. அதற்கு அடுத்த நாள் சுனையோரச் சேற்றில் ஒரு காலடித் தடம். தடத்துக்குள் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் அது போய் அரை நாழிகைகூட ஆகவில்லை!

ஒரு நடுப்பகலில் பஞ்சி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மருதி விளாங்காயைக் குறிபார்த்து நாணை இழுத்திருந்தாள். அப்போது பஞ்சிக்குப் பின்னால் புல் அசைந்தது. புல்லுக்குள் இரண்டு மஞ்சள் கண்கள்!

மருதியின் கை வெடவெடவென்று நடுங்கியது. அம்பு நாணிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. பிடித்திருந்த விரல்களும் விட்டுப்போயின. வெறும் நாண் போய் அடித்தது. டங்ங்ங்!

சுனை முழுக்க அந்த ஓசை அதிர்ந்தது. சிறுத்தை அப்படியொரு ஓசையைப் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. ஒரே பாய்ச்சலில் திரும்பி ஓடிவிட்டது.

"அக்கா! என் உயிரைக் காப்பாத்திட்டீங்களே!" என்று பஞ்சி அழுதாள். மரத்தைச் சுற்றி மானும் மயிலும் கீரியும் கூடிவிட்டன. "மருதியோட வில் இருக்கறப்ப நமக்கு என்ன பயம்!" என்றது மயில்.

மருதிக்குக் கை தோள் வரை மரத்துப் போயிருந்தது. வில் செய்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்த ஒன்று அவளுக்கும் தெரியும். நாணில் அம்பு இருந்தால், வில்லின் விசை அம்போடு போய்விடும். அம்பு இல்லாவிட்டால் அந்த விசைக்குப் போக இடமில்லை. அது திரும்பி வில்லையே அடிக்கும். வெறும் நாணை விடவே கூடாது.

சரி, ஒருமுறைதானே, தெரியாமல் நடந்தது என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் பஞ்சி மரத்தடிக்கு வந்து நின்றாள்.

"அக்கா, வாடை அடிக்குது. ஒரே ஒரு தரம் நாணைச் சுண்டுங்களேன்!"

"வேண்டாம் பஞ்சி. அம்பு விடறேன், பாக்கறியா?"

"அம்பு சத்தமே இல்லாம போகுது அக்கா. அதைக் கேட்டு யாரு பயப்படுவா? நேத்து மாதிரி சுண்டுங்க! புள்ளைங்க தூங்கவே மாட்டேங்குதுங்க."

அவள் உடம்பு நடுங்குவது மரத்தின் மேலிருந்தே தெரிந்தது. மருதிக்கு மனம் கேட்கவில்லை. சுண்டினாள். டங்ங்ங்! காடு முழுவதும் பெருமூச்சு விட்டது.

அதற்கு அடுத்த நாளும் கேட்டார்கள். அதற்கும் அடுத்த நாள் மானும் வந்து கேட்டது. பிறகு கேட்பதுகூட இல்லை. உச்சிவெயில் வந்ததும் எல்லோரும் தலையைத் தூக்கி விளாமரத்தைப் பார்ப்பார்கள். மருதியும் சுண்டுவாள். பொய் சொல்வானேன், அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. நேற்று வரை விளாங்காய்க்கு அம்பு விட்டுக்கொண்டிருந்தவள் இன்று காட்டுக்கே காவல்! யாருக்குத்தான் பிடிக்காது?

ஆறாம் நாள் சுண்டியபோது, ஓசைக்கு நடுவே இன்னொரு சின்னச் சத்தம் கேட்டது. காய்ந்த இலை மிதிபட்டது போல. மருதி விரலால் வில்லைத் தடவிப் பார்த்தாள். கைப்பிடிக்குக் கொஞ்சம் மேலே, மயிரிழை மாதிரி ஒரு விரிசல்.



வில்லை வைத்துவிட்டு வேறு கிளையைத் தேடலாம் என்றால், புதுக் கிளை காய மூன்று மாதம் ஆகும். மூன்று மாதம் என்ன செய்வது? எல்லோரையும் கூப்பிட்டு, "என் வில் கெட்டுப்போச்சு, அவரவர் பத்திரம்" என்று சொல்வதா? மயிலின் முகமும் மானின் முகமும் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தாள். நினைக்கவே பிடிக்கவில்லை. விரிசலின் மேல் மருள் நாரை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

மாலையில் ஊசியப்பன் முள் கொண்டுவந்தான். அவன் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"என்ன மருதி, அந்த இடத்துல நார் சுத்தியிருக்கே?"

"அழகுக்குண்ணே!"

"அழகுக்கா? நீ என்னிக்கு வில்லுக்குச் சிங்காரம் பண்ணினே?"

"இப்பதான் எல்லாரும் பாக்கறாங்களே அண்ணே. கொஞ்சம் லட்சணமா இருக்கட்டுமே!"

ஊசியப்பன் அவளை ஒரு பார்வை பார்த்தான். முட்களை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

நாட்கள் போயின. மருதிக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லை, பகலில் பயம். நாணை முழுதாக இழுக்காமல் பாதி இழுத்துச் சுண்டிப் பார்த்தாள். "இன்னிக்குச் சத்தம் பத்தலை!" என்று கீழிருந்து குரல் வந்தது. மறுபடி முழுதாக இழுத்தாள். விரிசல் நாருக்கு வெளியே எட்டிப் பார்த்தது. அதற்கு மேலும் நார் சுற்றினாள்.

சேற்றில் தடங்கள் விழுவது மட்டும் நிற்கவில்லை. முதலில் சுனையின் அக்கரையில் இருந்தன. பிறகு நாணல் பக்கம் வந்தன. ஒன்பதாம் நாள் ஒரு தடம் விளாமரத்துக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது. அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் புல் அமுங்கிக் கிடந்தது. யாரோ அங்கே வெகுநேரம் படுத்திருந்திருக்கிறார்கள். படுத்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மருதி வாலால் அந்தத் தடத்தை அழித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மேலே ஏறிவிட்டாள்.

பதினோராம் நாள் அவள் கண்ட காட்சி இன்னும் மோசம். பஞ்சி தன் குட்டிகளைக் காரைமுள் புதரிலிருந்து வெளியே கொண்டுவந்து, விளாமரத்தருகே திறந்த புல்வெளியில் படுக்க வைத்திருந்தாள்!

"பஞ்சி! புள்ளைங்களை முள்ளுக்குள்ளயே வெச்சிருக்கலாமே?"

"அங்க எறும்பு கடிக்குது அக்கா. இங்க பாருங்க, மெத்துமெத்துனு எப்படித் தூங்குதுங்க! உங்க வில் இருக்கறப்ப எனக்கென்ன கவலை?"

வார்த்தை மருதியின் நாக்கு நுனி வரை வந்தது. 'என் வில்லில் விரிசல் பஞ்சி, நம்பாதே!' என்று ஒரு வரி. ஒரே ஒரு வரி! பஞ்சி அவளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். மருதி அதை விழுங்கிவிட்டாள். நாளைக்குச் சொல்லிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த 'நாளை' வந்தது. உச்சிவெயில். திடீரென்று தவளை கத்துவது நின்றது. பூச்சிகள் ஓய்ந்தன. நாணல் விலகியது.

சிறுத்தை பதுங்கி வரவில்லை. சொந்த வீட்டுக்குள் நுழைவது போல நடந்து வந்தது!

மான் பிய்த்துக்கொண்டு ஓடியது. மயில் மரமேறியது. கீரி பொந்துக்குள் மறைந்தது. பஞ்சி மட்டும் ஓடவில்லை. குட்டிகளுக்கு முன்னால் நின்றபடி மரத்தைப் பார்த்துக் கூவினாள்.

"அக்கா! சுண்டுங்க! சீக்கிரம் சுண்டுங்க!"

சிறுத்தை நின்றது. அதுவும் மரத்தைப் பார்த்தது.

"ஆமா மருதி, சுண்டு! நானும் கேக்கத்தான் வந்தேன். நாலஞ்சு நாள் இந்தப் புல்லுல படுத்துக் கேட்டேன். தினமும் சத்தம் வருது. ஒரு அம்புகூட வரலையே! அது ஏன்?"

மருதி ஓர் அம்பை எடுத்து நாணில் பூட்டினாள். அவளே எதிர்பார்க்கவில்லை, கை நடுங்கவே இல்லை. சிறுத்தையின் கழுத்து விளாங்காய் தொங்குகிற தூரத்தில்தான் இருந்தது. அந்தத் தூரத்தில் அவள் குறி தவறியதே கிடையாது. அம்பைப் பார்த்ததும் சிறுத்தையின் காது மடங்கியது. ஓரடி பின்வாங்கியது.

மருதி இழுத்தாள். பாதி இழுக்கும்போதே கிறீச்சென்று கேட்டது. சுற்றியிருந்த நார் முறுக்கவிழ்ந்து நழுவியது. இன்னும் இழுத்தால் வில் போய்விடும். இழுக்காமல் விட்டால் அம்பு சிறுத்தையின் தோலைக்கூடத் துளைக்காது.

"ஓடு பஞ்சி!" என்று அலறினாள். "வில் உடைஞ்சிருக்கு! ஓடிடு!"

பஞ்சி ஓடவில்லை. அவளுக்கு அது காதில் விழுந்தது, ஆனால் மனதில் ஏறவில்லை.

"விளையாடாதீங்க அக்கா! எனக்குப் பயமா இருக்கு! சுண்டுங்க!"

வேறு வழியில்லாமல் மருதி முழுதாக இழுத்தாள். படார்! வில் இரண்டாகப் பிளந்தது. மேல் துண்டு அவள் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு பறந்தது. அம்பு தளர்ந்துபோய் மரத்தடியில் விழுந்தது.

அடுத்த நொடி சிறுத்தை பாய்ந்தது. பஞ்சி அப்போதும் மரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பாறை இடுக்கிலிருந்து ஊசியப்பன் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு ஓடி வந்தான். குட்டிகளின் மேல் குடை போலக் கவிந்து நின்று, முட்களைக் கடகடவென்று ஆட்டினான். பஞ்சியைக் கவ்விவிட்ட சிறுத்தை, முள்ளோடு மல்லுக்கட்ட விரும்பாமல் நாணலுக்குள் போய்விட்டது. இழுத்துக்கொண்டு போன வழியில் புல் படுத்துக் கிடந்தது.

மருதி இறங்கி வந்தாள். கன்னத்தில் ரத்தம் வழிந்தது. அதை அவள் துடைக்கவில்லை. மூன்று குட்டிகளும் பால் கேட்டு அவள் காலை முகர்ந்து பார்த்தன.

"அது விரிசல் விட்ட வில்லுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா மருதி?" என்று ஊசியப்பன் கேட்டான்.

"ஆறாம் நாளே தெரியும்ணே."

"பஞ்சிகிட்ட சொன்னியா?"

மருதி குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நம்மை நம்பி இருப்பவர்களிடம் நம் பலவீனத்தை மறைப்பது, அவர்களை நம் கையாலேயே எதிரியிடம் ஒப்படைப்பதற்குச் சமம்.